பதினாறை அடித்து ஒன்பது

நீதிமன்றத்திலிருந்து ஆள் வந்தபோது டோக்கன் அக்கா பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர் வரிசையைப் பற்றிக் கவலையே படாமல் நேரே மேசைக்கு வந்து நின்றார். "டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"எனக்குப் பல்லெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. உங்களுக்குத்தான் சம்மன்" என்றார் அவர்.

காத்திருந்த பதினொரு பேரும் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். சம்மன் என்று காதில் விழுந்தால் பல்வலிகூடக் கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது. அக்கா டோக்கனைக் கீழே வைத்தாள். வந்தவர் காட்டிய இடத்தில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்தாள். இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி, காலை பத்தரை மணி, உயில் சாட்சி என்று இருந்தது.

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு மீட்டர்காரர் என்று ஒரு பெரியவர் வருவார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதி ஓய்வுபெற்றவர். வாயில் ஒரு பல் கிடையாது, ஆனால் பேச்சுக்குக் குறைச்சல் கிடையாது. ஒரு நாள் பையிலிருந்து இரண்டு பக்கக் காகிதத்தை எடுத்து, இது என் உயில், நீங்கள் இரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரிய டாக்டரையும் அக்காவையும் கேட்டார். "டாக்டர் படிச்ச மனுஷன். நீ எதுக்குன்னா, இந்த ஆஸ்பத்திரில உன் கையெழுத்து ஒண்ணுதாம்மா எனக்குப் புரியுது" என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போட்டார்கள். பதினொரு நாளில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வீட்டை அவர் எழுதி வைத்தது இறந்துபோன இளைய மகனின் மனைவிக்கு. அவள் தையல்காரி; வீட்டின் முன்னறையில்தான் மெஷின், வெட்டுமேசை, பிழைப்பு எல்லாம். மூத்த மகன் உயில் செல்லாது என்று வழக்குப் போட்டார். உயில் நிற்க வேண்டுமென்றால் சாட்சிகளில் ஒருவராவது வந்து, எழுதியவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார், நானும் அவர் கண் முன்னால் போட்டேன் என்று சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆஸ்பத்திரியை நடத்துவது அவர் மகள், சின்ன டாக்டர். ஆக, மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான்.

முதலில் அவள் அவ்வளவு பயப்படவில்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு வரப்போகிறேன், இதில் என்ன இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். உண்மையான பயத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் மூத்தவர்தான்.

சம்மன் வந்த நாலாம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒழுங்காக டோக்கன் வாங்கினார், முறை வரும்வரை செய்தித்தாள் படித்தார், உள்ளே போய் ஊசி போட்டுக் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டார். வெளியே வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். பாதி வாய் மரத்துப் போயிருந்ததால் பேச்சு ஒரு பக்கமாக வழிந்தது. வேறு சமயமாக இருந்தால் அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"இது யாரு கையெழுத்து?" என்று ஒரு நகலை நீட்டினார். உயிலின் இரண்டாம் பக்கம் அது. கீழே அவள் பெயர், முத்துமுத்தாக. அதன் பக்கத்தில் பதினாறு என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே ஒன்பது என்று எழுதியிருந்தது.

"என்னோடதுதாங்க."

"உயில்ல தேதி ஒன்பது. நீங்க ஏன் பதினாறு போட்டீங்க?"

அவள் நகலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். பதினாலாந்தேதி அப்பா கீழ விழுந்தாரு. அதுக்கப்புறம் பெரியாஸ்பத்திரிலதான். வாயும் வரல, கையும் வரல. பதினாறாந்தேதி அவ இங்க வந்து உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கா. அப்புறம் அடிச்சு ஒன்பதுன்னு மாத்தியிருக்கீங்க. அன்னைக்கு அவ இங்க வந்தது உங்க நோட்டுலயே இருக்கும், போய்ப் பாருங்க." கைக்குட்டையால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். "கோர்ட்டுல பொய் சொன்னா வருஷக்கணக்குல உள்ள இருக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மிரட்டுகிறவர்கள் எல்லோரும் இந்த நல்லதை எங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு வருகிறார்களோ. போகும்போது, "அடுத்து எப்போ வரணும்?" என்று வேறு கேட்டார். அக்கா அட்டையில் அடுத்த வாரத் தேதியை எழுதிக் கொடுத்தாள். இருபது வருஷமாக அந்த மேசையில் அவள் செய்கிற வேலையே அதுதானே. டோக்கன் கொடுப்பாள், நோட்டில் பெயர் எழுதுவாள், அட்டையில் அடுத்து வர வேண்டிய தேதியைப் போடுவாள். யாராக இருந்தாலும் அடுத்த வாரம் இதே கிழமை என்பது பெரிய டாக்டர் வைத்த சட்டம், அதைச் சின்ன டாக்டரும் மாற்றவில்லை.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் சாமான் அறைக்குள் போய்ப் பழைய நோட்டுகளைக் கிளறினாள். உடைந்த நாற்காலிக்கும் பல் அச்சு எடுக்கிற பிளாஸ்டர் மூட்டைக்கும் நடுவில் அந்த வருஷத்து நோட்டு கிடைத்தது. தூசியைத் தட்டிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பதினாறாம் தேதி, வரிசை எண் இருபத்து மூன்று: மீட்டர்காரர், பல் செட், மருமகள் வாங்கிச் சென்றார். சாட்சாத் அவள் கையெழுத்தேதான்.

அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டர் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்துப் பார்த்தாள். மீட்டர்காரர் உயிலில் கையெழுத்துப் போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. மேசையிலிருக்கிற பேனாவை யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாதென்று நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பாள். நூல் எட்டாமல், அந்த மனுஷர் காகிதத்தை இழுத்து மேசை ஓரத்தில் வைத்துக் குனிந்து போட்டார். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் போட்டார். அதற்கப்புறம் இவள் போட்டது? அந்த இடத்துக்கு வந்தால் ஒன்றுமே இல்லை. அன்றைக்கேதான் போட்டிருக்க வேண்டும். ஆனால் பதினாறாம் தேதி தையல்காரி அழுத கண்ணோடு வந்து நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அவள் கையில் காகிதக்கட்டு ஒன்று இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக் காகிதமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அழுகிறவள் நீட்டினால் இல்லை என்று சொல்கிற ஆளா அக்கா? ஒரு நாளைக்கு நூறு இடத்தில் எழுதுகிற கை, எதில் எழுதியது என்று யார் கண்டது?

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் சொன்னாள். அவர் பஸ் டிரைவர், எதற்கும் அசராத மனுஷர்.

"இதுக்குப் போய் இப்படி உதறுறியே. ஒன்பதாந்தேதின்னு சொல்லிட்டு இறங்கி வா. வேலை முடிஞ்சுது."

"எனக்கே நிச்சயமா தெரியலையே. தெரியாததத் தெரியும்னு சத்தியம் பண்ணிச் சொன்னா அது பொய்யில்லையா?"

"அப்போ தெரியலைன்னு சொல்லு."

"தெரியலைன்னா அவளுக்கு வீடு போயிடுமே!"

அவர் தலையைச் சொறிந்தார். "உனக்கு என்ன தெரியும்னாவது தெரியுமா?" என்றார். அக்கா அழுதாள். அவர் சட்டென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வண்டியைப் பின்னால் எடுக்கிறவர் மாதிரி மெல்ல மெல்லப் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

சாட்சி சொல்லும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, தையல்காரிக்காக வாதாடுகிற வக்கீலம்மாவின் அறைக்குப் போனாள். மூன்று மாடி ஏறி, கோப்புகள் அடுக்கிய நடையில் ஒருக்களித்து நடந்து போக வேண்டும். தையல்காரி அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள்.

வக்கீலம்மா உயிலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "இந்தப் பதினாறப் பத்திக் கண்டிப்பா கேப்பாங்க. கை தவறிடுச்சு, உடனே திருத்திட்டேன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திக்குங்க."

"அப்படித்தான் நடந்துச்சாம்மா?"

"அத நீங்கதாம்மா எனக்குச் சொல்லணும்! நானா அங்க இருந்தேன்?"

அக்கா தையல்காரியைப் பார்த்தாள். அவள் டேப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டே, "அன்னைக்கு நான் பல் செட்டு வாங்கத்தான்க்கா வந்தேன். உயில்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. மாமா போனப்புறம் அவரோட டார்ச் லைட் டப்பால இருந்துதான் எடுத்தோம்" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் மனசு சும்மா இருந்ததா? தப்புச் செய்திருந்தாலும் இவள் இதைத்தானே சொல்லுவாள் என்றது. இப்படி நினைத்தோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. படியிறங்கும்போது தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "பயப்படாதீங்கக்கா" என்று அவள்தான் ஆறுதல் சொன்னாள். வீடு போகப்போவது அவளுக்கு, நடுக்கம் இவளுக்கு.

இருபத்தொன்றாம் தேதி வந்தே விட்டது. வெறும் வயிற்றோடு போகாதே என்று புருஷன் தலைபாடாக அடித்துக்கொண்டும் அக்காவால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. நீதிமன்ற அறையில் மின்விசிறி கரகரவென்று சுற்றியது. பின்வரிசைப் பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் மூத்தவர், அடைத்த பல்லோடு. அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு, யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். நீதிபதிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. எதிர் வக்கீலுக்கோ ஒரு குறை இல்லாத பல்வரிசை. அதைப் பார்த்ததும் வந்த தைரியமும் போய்விட்டது.

கூண்டில் ஏறி உண்மையைச் சொல்வேன் என்று உறுதி எடுத்தாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மீட்டர்காரர் வந்தது, தெளிவாகப் பேசியது, குனிந்து கையெழுத்துப் போட்டதைத் தன் கண்ணால் பார்த்தது. சொன்னதெல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு எதிர் வக்கீல் எழுந்தார்.

"பல் ஆஸ்பத்திரில எத்தனை வருஷமா இருக்கீங்க?" சர்க்கரை மாதிரிப் பேச்சு.

"இருபது வருஷங்க."

"தேதி எழுதறது உங்க வேலைல ஒண்ணு, இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை எழுதுவீங்க?"

"அறுபது, எழுபது இருக்குங்க."

"இருபது வருஷத்துல அட்டைல எப்பவாவது தேதியத் தப்பா எழுதியிருக்கீங்களா? தப்பான நாள்ல யாராவது வந்து நின்னிருக்காங்களா?"

"இல்லைங்க. ஒரு தடவைகூட இல்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நிமிர்ந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குப் பெருமை உண்டு.

"சந்தோஷம். இருபது வருஷமா ஒரு தேதியக்கூடத் தப்பா எழுதாத நீங்க, இந்த உயில்ல மட்டும் ஏழு நாள் தள்ளி எழுதிட்டீங்க. அப்படித்தானே?"

கால் வைத்த பிறகுதான் அது பள்ளம் என்று தெரிந்தது. அக்கா கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தாள்.

"பதினாறுன்னு எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"அடிச்சது?"

"நான்தான்."

"ஏன் பதினாறுன்னு எழுதினீங்க?"

"தெரியலைங்க."

"பதினாறாந்தேதி அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களா?" ஆஸ்பத்திரியிலிருந்து கோர்ட் மூலம் வரவழைத்திருந்த நோட்டின் நகலை நீட்டினார். அவள் பார்க்கக்கூட இல்லை.

"வந்தாங்க."

"கையில காகிதம் ஏதாவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? "இருந்துச்சுங்க" என்றாள் அக்கா. முன்வரிசையில் மூத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசியா ஒரே ஒரு கேள்வி. நீங்க எடுத்த உறுதிய ஞாபகம் வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்டது ஒன்பதாந்தேதிதான், அந்தப் பெரியவர் கண் முன்னாடிதான்னு நிச்சயமா சொல்ல முடியுமா?"

வக்கீலம்மா அவளையே பார்த்தாள். ஆமாம் என்று சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பின்பெஞ்சில் தையல்காரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைதான், 'முடியும்' என்றால் போதும். ஜெயிலுக்குப் பயந்தாளா, சாமிக்குப் பயந்தாளா, எதற்கென்று அக்காவுக்கே தெரியாது. இல்லாத ஞாபகத்தை இருக்கிறது என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"அவர் போட்டத நான் பாத்தேன். அது சத்தியம். நான் போட்டது எப்போன்னு... நிச்சயமா சொல்ல முடியலைங்க."

எதிர் வக்கீல் அந்த அழகான பல்லைக் காட்டி, "தட்ஸ் ஆல்" என்று உட்கார்ந்தார். வக்கீலம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். மறுபடி கேட்க ஏதாவது இருக்கிறதா என்று நீதிபதி கேட்டபோது, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பாவி, ஒரு குடும்பத்தின் கூரையைப் பிடுங்கிவிட்டாயே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணீர் கட்டைமேல் விழுந்தது.

சாட்சி சொன்னதை எல்லாம் தட்டச்சு செய்து மூன்று பக்கமாகக் கொண்டுவந்தார் நீதிமன்ற எழுத்தர், நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்ட ஒரு பெரிய மனுஷர். "படிச்சுப் பாத்து ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்கம்மா. கீழ தேதி."

படிப்பதாவது! எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. கூண்டை விட்டு இறங்கினால் போதும் என்று இருந்தது. மளமளவென்று மூன்று பக்கத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எழுத்தர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதையும் பார்த்தார்.

"என்னம்மா இது? இன்னைக்கு இருபத்தொண்ணு. மூணு பக்கத்துலயும் இருபத்தெட்டுன்னு போட்டு வச்சிருக்கீங்க? அடுத்த வாரமே வந்து சாட்சி சொல்லிட்டுப் போயிட்டீங்களா?"

யாரோ சிரித்தார்கள். இதுவும் தப்பா! இதற்கும் தண்டனை உண்டோ? "ஐயா, மன்னிச்சுக்குங்க, அடிச்சுட்டுப் போடறேன்" என்று பேனாவுக்குக் கையை நீட்டினாள் அக்கா. நீட்டிய கை பாதியில் நின்றது.

அடுத்த வாரமே வந்து. இதையே வேறு ஒரு குரல் சொல்லியிருக்கிறது. பொக்கை வாய்க் குரல்.

"அவரும் இதத்தான் சொன்னாரு" என்றாள்.

"யாரு?" என்றார் நீதிபதி.

"மீட்டர்காரர்ங்க, ஐயா! நான் கையெழுத்துப் போட்டுப் பதினாறுன்னு எழுதினேன். அவரு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. 'ஏம்மா, இன்னைக்குத் தேதியப் போடு. அடுத்த வாரம் நான் பல்லு வாங்கத்தான் வருவேன், சாட்சி வாங்க இல்ல'ன்னாரு. சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. அவருக்குப் பல்லில்லையா, சிரிச்சா எப்பவும் வாயப் பொத்திக்குவாரு. அப்புறம்தாங்க அடிச்சேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவர் அட்டைல பதினாறுன்னு எழுதிக் கொடுத்திருந்தேன். நாள் பூரா நான் அடுத்த வாரத் தேதியத்தாங்க எழுதறேன். இன்னைக்குத் தேதிய எழுதற வேலையே எனக்கு இல்லைங்க!"

அப்படியானால் நோட்டில் அன்றன்றைய தேதி எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். பெரிய டாக்டர் வாங்கிக் கொடுத்த ரப்பர் முத்திரை ஒன்று உண்டு. காலையில் ஒரு குத்து, அவ்வளவுதான்.

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். "இது இப்போ ஜோடிச்ச கதை. யாரோ சொல்லிக் கொடுத்து, வேணும்னே இருபத்தெட்டுன்னு எழுதியிருக்காங்க."

நீதிபதி பதில் சொல்லாமல் உயிலை வாங்கினார். அதன் பக்கத்தில் அந்த மூன்று பக்கங்களையும் பரப்பினார். பதினாறு, ஒன்பதிலிருந்து ஏழு நாள். இருபத்தெட்டு, இருபத்தொன்றிலிருந்து ஏழு நாள். விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சொல்லிக் கொடுத்திருந்தா, கொஞ்ச நேரம் முன்னாடி நீங்க ஏன்னு கேட்டப்பவே இதச் சொல்லியிருப்பாங்களே. அப்போ தெரியலைன்னுதானே சொன்னாங்க? காகிதம் இருந்துச்சான்னு கேட்டீங்க, அதையும் இருந்துச்சுன்னுதான் சொன்னாங்க. நான் குறிச்சு வச்சிருக்கேன்."

எதிர் வக்கீல் வாயை மூடிக்கொண்டார். பல்வரிசை மறைந்தது.

அக்கா இன்னும் பேனாவுக்கு நீட்டிய கையோடே நின்றாள். "ஐயா, இதத் திருத்திடட்டுங்களா?"

"தொடாதீங்கம்மா. அது அப்படியே இருக்கட்டும். பக்கத்துல நான் குறிப்பு எழுதிக்கறேன்." பிறகு எழுத்தரைப் பார்த்து, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தார். "நாமளும் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் வாய்தாத் தேதிதான் எழுதறோம். உங்க பொண்ணு கல்யாணப் பத்திரிகையில தேதியெல்லாம் சரியா இருந்துச்சா?"

எழுத்தர் சிரித்தார். அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது படியைத் தவறவிட்டாள். ஓடிவந்து பிடித்தது தையல்காரிதான். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே போய்க் குழாயடியில் மூன்று முறை முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

தீர்ப்புக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் அவள் எந்தத் தேதி எழுதினாலும் சுவரில் தொங்குகிற காலண்டரை இரண்டு தடவை பார்த்துவிட்டு எழுதினாள். அட்டை வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வாசலில் யாராவது காகிதத்தோடு வந்தால் எழுந்து நின்றுவிட்டாள்.

ஒரு நாள் காலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், தையல்காரி வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் அக்கா டோக்கனை எடுத்துவிட்டாள்.

"பல்லு வலியா?"

"இல்லக்கா. உயில் செல்லும்னு தீர்ப்பாயிடுச்சு. நேத்து சாயங்காலம்."

அக்கா டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மாமாவோட பல் செட்டு கொடுத்தீங்களே, டப்பாவுல போட்டு" என்றாள் தையல்காரி. "நேரா பெரியாஸ்பத்திரிக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். அவர் கையில வச்சேன். விரலெல்லாம் அசையலைன்னு சொன்னாங்க. ஆனா டப்பாவப் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு தடவைகூட வாயில போட்டுப் பாக்கலக்கா. வழக்கு வந்ததுலருந்து அத வாசக்கதவுக்குப் பக்கத்துலயே வச்சிருந்தேன். வெளிய போங்கன்னு திடீர்னு சொல்லிட்டா, அவசரத்துல மறந்து விட்டுட்டுப் போயிடக் கூடாதுன்னு. மெஷினக்கூட அப்புறம் வந்து எடுத்துக்கலாம், இத விடக் கூடாதுன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆறு வருஷம் கழிச்சு, இன்னைக்குக் காலைலதான் எடுத்து உள்ள அலமாரில வச்சேன். அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்கா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் பயத்தையும் சேர்த்து, ஓவென்று அழுதுவிட்டாள். அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு, உள்ளே பல்லை என்னதான் செய்கிறார்களோ என்று, வெளித் திண்ணையில் காத்திருந்த பன்னிரண்டாம் நம்பர்காரர் டோக்கனை நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.